இளம் வயது டிமென்ஷியாவுக்குத் தனி ஆதரவு வேண்டாமா? ஒரு திருத்தம்

நினைவும் சிந்தனையும் நடத்தையும் படிப்படியாகக் குன்றும் மூளைப் பாதிப்பே டிமென்ஷியா. ‘டிமென்ஷியா முதுமையின் நோய், 65 வயதுக்கு முன் வருவது அபூர்வம் என்பதால் அந்த இளம் வயதினருக்கான ஆதரவை ஆராய்வது வீண்செலவு’ என்று ஒருவர் எழுதியிருப்பது சரியல்ல. டிமென்ஷியாவின் மிகப் பரவலான வகையான அல்சைமர் நோயின் முதல் நோயாளியாக அறியப்படும் அகுஸ்டே டேட்டரை மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் 1901இல் சந்தித்தபோது, அந்தப் பெண்ணுக்கு வயது 51தான். 2021இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 30 முதல் 64 வயது வரையுள்ளவர்களில் உலகெங்கும் சுமார் 39 லட்சம் பேர் டிமென்ஷியாவுடன் வாழ்வதாக மதிப்பிட்டது.

முதியோர் பகல்நேர மையங்களே இவர்களுக்கும் போதும் என்ற அவருடைய அடுத்த வாதம்தான் என்னை மிகவும் வருத்துகிறது. இந்த வயதில் நோய் பலருக்கு மறதியாகத் தொடங்குவதில்லை. நடத்தை மாற்றமாகவோ, சொல் தடுமாற்றமாகவோ, கண்ணில் குறையில்லாமலேயே எதிரிலுள்ள கோப்பையைக் கை தவறவிடும் பார்வைக் குழப்பமாகவோ தொடங்குவதால், மன அழுத்தம் என்று தவறாகக் கருதப்பட்டு, நோயறிதலுக்கே ஆண்டுகள் கடந்துவிடுகின்றன. அதற்குள் வேலை போயிருக்கும். கடன் தவணையும், பள்ளி செல்லும் பிள்ளைகளும், சம்பாதித்துக்கொண்டே பராமரிக்க வேண்டிய துணையும் இருப்பார்கள்.

எனக்குத் தெரிந்த 54 வயதுக்காரர் ஒருவர், எண்பது வயதினர் நாற்காலிகளில் அமர்ந்திருந்த ஒரு மையத்தில், ‘எனக்கு இங்கே என்ன வேலை?’ என்று கேட்டபடி வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தார். அவருக்குத் தேவைப்பட்டது உடலுக்கும் கைக்கும் பொருத்தமான வேலை. எது அப்படிப் பொருந்தும், பிள்ளைகளிடம் இதை எப்படிச் சொல்வது, பணியிடத்தில் எந்த மாற்றங்கள் உதவும் என்பவற்றையே அவர் வீண்செலவு என்று சொல்லும் ஆய்வுகள் நோயாளிகளிடமும் குடும்பத்தாரிடமும் நேரடியாகக் கேட்டு அறிகின்றன.