அடுத்த வண்டி எப்போது?

சென்னையில் மின்சார ரயில் என்று பேச்செடுத்தாலே இப்போதெல்லாம் ஏசி வண்டியில்தான் போய் நிற்கிறது. 2025 ஏப்ரலில் கடற்கரை - தாம்பரம் - செங்கல்பட்டு தடத்தில் முதல் ஏசி மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. வரவேற்கிறேன். சித்திரை வெயிலில் வேர்த்து வழிய வீடு திரும்புகிறவருக்குக் குளிர்ச்சி கசக்குமா என்ன? ஆனால் நடைமேடையில் நிற்கிறவருக்கு எது முக்கியம்? அடுத்த வண்டி எத்தனை நிமிடத்தில் வரும் என்பதுதான். ஒரு புறநகர் ரயில் நன்றாக நடக்கிறதா இல்லையா என்று பார்க்க எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. இந்தத் தடத்தை மின்சாரத்துக்கு மாற்றியபோது கிடைத்த பெரிய லாபமே அதுதான்.

பழைய கதையைக் கொஞ்சம் பார்ப்போம். அப்போது தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் கையில் இருந்த மீட்டர் கேஜ் பாதை இது, அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர் அகலம். நீராவி எஞ்சின் தொலைதூர வண்டிக்குச் சரி. இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு தரம் நின்று நின்று கிளம்புகிற வண்டிக்கு அது ஒத்து வராது. வேகம் பிடிப்பதற்குள் அடுத்த ஸ்டேஷன் வந்துவிடும். கடைசி ஸ்டேஷனில் எஞ்சினைக் கழற்றி மறுமுனைக்குக் கொண்டுபோய் மாட்ட வேண்டும், நடுவில் கரியும் தண்ணீரும் போட வேண்டும். இத்தனைக்கும் பிறகு ஒரு நாளில் எத்தனை நடைதான் ஓட்ட முடியும்? மின்தொடர் வண்டியில், அதாவது தனி எஞ்சின் இல்லாமல் பெட்டியிலேயே மோட்டார் வைத்த மின்சார ரயிலில், இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை உண்டு. வந்து நின்றதும் அதே வண்டி பின்முனை முன்முனையாகத் திரும்பிப் போய்விடும். எஞ்சினைச் சுற்றிக் கொண்டுபோகும் வேலையே இல்லை. நடைமேடை சீக்கிரம் காலியாகிறது, அடுத்த வண்டி உள்ளே வருகிறது.

1931 ஏப்ரல் 2-ஆம் தேதி ஆளுநர் ஜார்ஜ் ஃப்ரெடரிக் ஸ்டான்லி இந்தச் சேவையைத் தொடங்கி வைத்தார். மே 11 முதல் பொதுமக்களுக்கு ஓடியது. நாட்டில் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரியில் பம்பாயில் ஓடியது என்பது பலருக்கும் தெரியும். மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயிலை முதலில் ஓட்டியது நம் ஊர்தான் என்பதை நாமே அதிகம் சொல்லிக்கொள்வதில்லை. அந்தப் பெருமை பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

அதற்குப் பிறகு ஊர் இந்தத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டே வளர்ந்தது. 1920-களில் மாம்பலத்து ஏரி நிலத்தில் தியாகராய நகரை அமைத்தார்கள். சில வருடத்தில் பக்கத்திலேயே மின்சார ரயில் வந்துவிட்டது. பாரிமுனையில் வேலை, பல்லாவரத்தில் வீடு என்று ஒரு குமாஸ்தா துணிந்து குடிபோக முடிந்தது. தோல் தொழிற்சாலையைச் சுற்றிக் குரோம்பேட்டை, காசநோய் மருத்துவமனையை ஒட்டிச் சானடோரியம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனுக்குப் பின்னாலும் ஒரு ஊர் இருக்கிறது. 1967-ல் பழைய 1500 வோல்ட் நேர்மின்சாரம் போய் 25,000 வோல்ட் மாறுமின்சாரம் வந்தது. அகலப் பாதை மெல்ல மெல்ல வந்து, 2004-ல் மீட்டர் கேஜ் மின்சார வண்டிகள் ஓய்வு பெற்றன.

பெரியவர்கள் இன்னமும் 'யூனிட் வண்டி' என்பார்கள். பொருத்தமான பேர்தான். மோட்டார் பெட்டியும் அதோடு சேர்ந்த பெட்டிகளுமாக மூன்று பெட்டி ஒரு யூனிட். மூன்று யூனிட் சேர்ந்தால் ஒன்பது பெட்டி வண்டி, நான்கு சேர்ந்தால் பன்னிரண்டு. ஓடும்போது சில இடங்களில் விளக்கும் மின்விசிறியும் சில நொடி அணைந்து திரும்ப வருவதைக் கவனித்திருப்பீர்கள். ஒரு துணைமின் நிலையத்தின் மின்சாரம் முடிந்து அடுத்ததன் மின்சாரம் தொடங்கும் எல்லையில், நடுவே மின்சாரமில்லாத சிறு துண்டுக் கம்பி இருக்கும். வண்டி அந்த இடத்தைத் தன் வேகத்திலேயே கடந்துவிடும்.

சரி, வண்டிகளை இன்னும் நெருக்கமாக விட்டால் என்ன என்று எல்லோரும் கேட்கிறோம். அதில் உள்ள சிக்கலையும் தெரிந்துகொண்டு கேட்டால் நம் கேள்விக்கு வலு கூடும். இந்தத் தடத்தில் இருப்பது தானியங்கி சிக்னல். பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்திருப்பார்கள். ஒரு துண்டில் வண்டி இருந்தால் அதன் பின்னால் சிவப்பு, அதற்கும் பின்னால் மஞ்சள், பிறகு இரட்டை மஞ்சள், பிறகு பச்சை. ஆக ஒரு வண்டிக்குப் பின் இன்னொன்று எவ்வளவு நெருங்கி வரலாம் என்பதற்குக் கணக்கு உண்டு. அந்தக் கணக்கைக் குலைப்பது பெரும்பாலும் வாசலில் நடக்கிற தள்ளுமுள்ளுதான்.

மாலை ஆறரை மணிக்கு மாம்பலத்தில் நின்று பாருங்கள். ரங்கநாதன் தெருவிலிருந்து துணிப்பைகளோடு வருகிற கூட்டம் படியிறங்கி ஒரே இடத்தில் குவியும். உள்ளே இருப்பவர் இறங்க முடியாமல், வெளியே இருப்பவர் ஏற முடியாமல் வண்டி கூடுதலாக ஒரு நிமிடம் நிற்கும். அந்த ஒரு நிமிடத்துக்குள் சைதாப்பேட்டையிலும் கிண்டியிலும் இன்னும் சிலர் வந்து சேர்ந்திருப்பார்கள். அங்கே இன்னும் கொஞ்சம் தாமதம். இப்படியே போகப் போக முன்னால் இடைவெளி பெருகும், பின்னால் வரும் வண்டி வந்து ஒட்டிக்கொள்ளும். தாம்பரம் போய்ச் சேரும்போது முதல் வண்டியில் மூச்சுவிட இடமில்லை, அடுத்ததில் உட்கார்ந்து போகலாம். இரண்டும் ஒரே நேர அட்டவணைப்படி கிளம்பியவைதான். இடையில் ஒரே ஒரு நடையை ரத்து செய்தாலும் அதன் பாரம் இரண்டு மணி நேரத்துக்கு இறங்காது.

2018 ஜூலை 24-ஆம் தேதியை இந்தத் தடத்தில் போய்வருகிறவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மேலே போகும் மின்கம்பியில் கோளாறு. புறநகர் வண்டிகளை எக்ஸ்பிரஸ் பாதையில் திருப்பிவிட்டிருந்தார்கள். காத்துக் காத்துச் சேர்ந்த கூட்டம் படியில் தொங்கிக்கொண்டு போனது. பரங்கிமலையில் அந்தப் பாதையை ஒட்டி இருந்த கான்கிரீட் சுவரில் மோதிப் பலர் விழுந்தார்கள், உயிர்கள் போயின. 'ஃபுட்போர்டில் போனால் இப்படித்தான்' என்று அன்றைக்கே பலர் தீர்ப்பு எழுதினார்கள். எனக்கு அன்றும் கோபம், இன்றும் கோபம். நேரத்துக்கு வேலைக்குப் போகாவிட்டால் அரை நாள் சம்பளம் போகிற மனிதர், வெகுநேரம் கழித்து வந்த வண்டியை விட்டுவிட்டு நின்றிருக்க வேண்டுமாம். வண்டி சீராக வந்தால் படியில் தொங்குகிறவர் தானாகக் குறைவார். கதவுகள் மூடிக்கொள்ள வேண்டும் என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்தப் பாதுகாப்பு ஏசி வண்டிக்காரருக்கு மட்டும் என்று இருந்துவிடக் கூடாது.

கட்டணத்தையும் சொல்லியாக வேண்டும். சாதாரண வண்டியில் குறைந்த கட்டணம் 5 ரூபாய், ஏசியில் 35. இதில் ஏசியைக் குறை சொல்ல வரவில்லை. பெண்கள் பெட்டியில் மடியில் கீரையைப் போட்டு ஆய்ந்துகொண்டே வருகிற அக்காவுக்கும், கோயம்பேட்டுப் பூவை மடியில் வைத்துத் தொடுத்துக்கொண்டு வருகிற அம்மாவுக்கும் அந்த 5 ரூபாய்தான் கணக்கு. அவர்கள் ஏறுகிற நேரத்தில் சாதாரண வண்டி இருந்தாக வேண்டும். ஏசி வண்டி அதற்கு மேல் கூடுதலாக எத்தனை வேண்டுமானாலும் ஓடட்டும். கூட்ட நேரத்தில் ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை விடுவது மட்டும் வேண்டாம்.

அப்புறம் தாம்பரத்துக்குத் தெற்கே. ஊர் எப்போதோ தாம்பரத்தைத் தாண்டிவிட்டது. பெருங்களத்தூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் என்று வாடகைக்கும் சொந்த வீட்டுக்கும் மக்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். வண்டிகளில் கணிசமானவை தாம்பரத்தோடு நின்றுவிடுகின்றன. கடற்கரையிலிருந்து தாம்பரம் சுமார் 29 கிலோமீட்டர், செங்கல்பட்டு சுமார் 60. அந்தப் பின்பாதியில்தான் இன்றைக்கு இளம் குடும்பங்கள் இருக்கின்றன. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தைத் திறந்தபோது, ரயில் பாதை பக்கத்திலேயே போயும் அங்கே இறங்க ஸ்டேஷன் இல்லை. தென்மாவட்டத்திலிருந்து விடிகாலையில் மூட்டை முடிச்சோடு இறங்கியவர்கள் மாநகரப் பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் அலைந்தார்கள். முனையத்தைத் திட்டமிட்ட அன்றே ஸ்டேஷனையும் சேர்த்துத் திட்டமிட்டு, இரண்டையும் ஒரே நாளில் திறந்திருக்க வேண்டும்.

வடக்கு முனையிலும் ஒரு பாடம் கிடைத்தது. கடற்கரைக்கும் எழும்பூருக்கும் நடுவே நான்காவது பாதை போட, வேளச்சேரிக்குப் போகும் பறக்கும் ரயிலைக் கடற்கரை - சிந்தாதிரிப்பேட்டை இடையே 2023 ஆகஸ்டில் நிறுத்தினார்கள். திரும்ப ஓட ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. நாலு கிலோமீட்டர் சொச்சம் பாதைக்கு இத்தனை அவஸ்தையா என்று அப்போது எல்லோரும் கேட்டோம். ஆனால் அந்தப் பாதை தேவைதான். எக்ஸ்பிரஸ் வண்டியும் புறநகர் வண்டியும் அந்த முனையில் ஒரே தண்டவாளத்துக்குப் போட்டி போட்டால் காத்திருப்பது எப்போதும் புறநகர் பயணிதான்.

என் கோரிக்கை பெரியது ஒன்றும் இல்லை. காலை மாலை நெரிசல் நேரத்தில் கூடுவாஞ்சேரி வரைக்குமாவது, தாம்பரத்துக்குக் கிடைக்கிற அதே இடைவெளியில் வண்டி விடுங்கள். எல்லா வண்டியையும் பன்னிரண்டு பெட்டியாக ஓட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை பராமரிப்பு வேலைக்காக வண்டிகளை நிறுத்துவது தவிர்க்க முடியாதது, புரிகிறது. தண்டவாளத்தையும் கம்பியையும் பார்க்காமல் ஓட்டச் சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிற துணிக்கடைப் பிள்ளைகளும் மருத்துவமனைச் செவிலியர்களும் இந்த ஊரில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். எந்த வண்டி இல்லை, பதிலுக்கு எந்தப் பேருந்து எந்த ஸ்டேஷன் வாசலிலிருந்து கிளம்பும் என்பதை வியாழக்கிழமைக்குள் தமிழில் எழுதி எல்லா டிக்கெட் கவுன்டரிலும் ஒட்டுங்கள்.