ஆராதனைக்கு வருகிறவர்களே, மூட்டையைக் கடைசி பஸ்ஸுக்கு அளந்து கட்டுங்கள்

சங்கீத மேதை தியாகராஜ சுவாமிகளுக்குத் திருவையாற்றில் நடக்கிற ஆராதனைக்கு டென்ட் எடுத்துக்கொண்டு வரலாமா என்று இந்த முறையும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். என் அண்ணன் மகள் சென்னையிலிருந்து போன் பண்ணி, "அத்தை, நாங்க நாலு பேர் வர்றோம், லாட்ஜ் எல்லாம் ஃபுல்லுன்னு சொல்றாங்க, டென்ட் இருக்கு, ஸ்லீப்பிங் பேக் இருக்கு, ஆத்தங்கரையில போட்டுக்கலாமா?" என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஏன் வேண்டாம், அதற்குப் பதில் என்ன என்று ரொம்ப நேரம் பேசினேன். அவளோடு நிற்காமல் இன்னும் பலருக்கும் உதவும் என்பதால் அதையெல்லாம் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஆற்றங்கரை. தியாகராஜ சுவாமிகள் சித்தியடைந்தது 1847 ஜனவரி 6. ஆனால் ஆராதனை ஆங்கிலத் தேதிப்படி வருவதில்லை, புஷ்ய பகுள பஞ்சமி, அதாவது புஷ்ய மாதத்துத் தேய்பிறைப் பஞ்சமி திதிப்படி வருகிறது. அதனால்தான் 2024ல் ஜனவரி 30, 2025ல் ஜனவரி 18, 2026ல் ஜனவரி 7 என்று வருடத்துக்கு வருடம் நகர்கிறது. இதற்கும் டென்டுக்கும் என்ன சம்பந்தம் என்றால், மேட்டூர் அணையை ஜூன் 12ல் திறந்து ஜனவரி 28ல் மூடுவது வழக்கம். அப்படியானால் ஆராதனை ஜனவரி முதல் பாதியில் வருகிற வருடங்களில் காவிரியில் தண்ணீர் இருக்கும் காலம் அது. கோடையில் எடுத்த போட்டோவில் மணல் தெரிகிறதே என்று நம்பி வராதீர்கள். மணல் தெரிந்தாலும் ஈரம் சுரந்துகொண்டிருக்கும், மேலே எங்கே எப்போது திறப்பார்கள் என்பது படுத்திருக்கிறவருக்குத் தெரியாது. சரி, வயலில் போடலாமா என்றால் சம்பா நிற்கிறது, இல்லையென்றால் அறுப்பு நடக்கிறது. களத்து மேட்டில் நெல் கிடக்கும். ஊர்க்காரர்கள் நல்லவர்கள், கேட்டால் திண்ணையில் இடம் கொடுப்பார்கள், ஆனால் அவர்கள் பிழைப்பு நடக்கிற இடத்தில் போய்க் கூடாரம் அடிப்பது சரியில்லை.

அப்புறம் பாம்பு. டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லியே ஆக வேண்டும். கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடுகிற பாம்பு, தரையில் படுத்திருப்பவர்களின் படுக்கைக்கே வந்து கடிக்கும், கடி வலிக்காததால் பல பேர் கொசுக்கடி என்று நினைத்துத் திரும்பிப் படுத்துவிடுவார்கள். தரையில் எங்கே படுத்தாலும், அது மண்டபமோ வீட்டுக் கூடமோ, கொசுவலை கட்டி அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் இறுக்கிச் செருகிவிட்டுப் படுங்கள். கொசுவுக்கும் ஆச்சு, இதற்கும் ஆச்சு. நான் எதைக் குறைத்தாலும் கொசுவலையைக் குறைக்க மாட்டேன். ஒற்றை ஆள் நைலான் வலை மடித்தால் ஒரு சாப்பாட்டு டப்பா அளவுதான் வரும்.

இப்போது பஸ் விஷயம். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். சென்னையிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் கிளாம்பாக்கத்தில் ஏறுகிற பஸ்ஸை மனதில் வைத்துத்தான் மூட்டை கட்டுகிறார்கள். ஆம்னி பஸ்ஸின் டிக்கி பெரியது, எதைக் கொடுத்தாலும் உள்ளே தள்ளிவிடுவார்கள், அதனால் எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று தைரியம் வந்துவிடுகிறது. ஆனால் அந்த பஸ் உங்களைத் திருவையாற்றில் இறக்கப் போவதில்லை. தஞ்சாவூர் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கிருந்து பழைய பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு பஸ், அங்கிருந்து கண்டியூர் வழியாகத் திருவையாற்றுக்கு இன்னொரு பஸ். கடைசித் துண்டு 12, 13 கிலோமீட்டர் இருக்கும், அவ்வளவுதான். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று வரிசையாகப் பாலம் பாலமாகத் தாண்டி வருகிற அழகான ரோடு. அந்தத் துண்டில்தான் உங்கள் சாமான் உங்களைப் பழிவாங்கும்.

காலை எட்டு மணிக்கு அந்த டவுன் பஸ்ஸில் யார் ஏறுவார்கள் என்று யோசியுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதுகில் பையோடு, பூக்கூடைக்காரம்மா, ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்புகிற வயதானவர்கள், ஆபீஸ் போகிறவர்கள். பொங்கல் நெருக்கத்தில் ஆராதனை வந்துவிட்டால் கரும்புக் கட்டும் வாழைத்தாரும் வேறு. இதற்கு நடுவில் நீங்கள் முதுகில் ஒரு பை, கையில் டென்ட், தோளில் சுருட்டிய மெத்தை, இழுத்துக்கொண்டு ஒரு டிராலி என்று வந்து நின்றால், "சார், இதெல்லாம் ஏறாது, அடுத்ததுல வாங்க" என்று கண்டக்டர் சொல்வதில் என்ன தப்பு இருக்கிறது? டிக்கி கிடையாது. சாமான் வைக்க இருக்கிற இடமெல்லாம் டிரைவர் பக்கத்து எஞ்சின் பெட்டி ஓரம், கடைசி சீட்டுக்கு அடியில், அப்புறம் உங்கள் மடி. லக்கேஜ் டிக்கெட் போட வேண்டும் என்று சொன்னால் சண்டை போடாமல் காசைக் கொடுத்துவிடுங்கள், ஒரு ஆளின் இடத்தை நாம் அடைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே கணக்கு ஒன்றுதான். மடியில் வைத்துக்கொள்ள ஒரு பை, கக்கத்தில் இடுக்கிக்கொள்ள ஒரு சுருட்டு. ஒரு கை கம்பியைப் பிடிக்கக் காலியாக இருக்க வேண்டும். வீட்டிலேயே அப்படித் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கிப் பாருங்கள், மூச்சு வாங்கினால் எதையாவது வெளியே எடுங்கள்.

வழியை மாற்றினாலும் கஷ்டம் குறையும். கல்லணையில் தொடங்கி பூம்புகார் வரை போகிற ரோடு திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போகிறது. அதனால் கும்பகோணம் வரை பஸ்ஸிலோ ரயிலிலோ வந்துவிட்டால் சுவாமிமலை, கபிஸ்தலம் வழியாக ஒரே பஸ்ஸில் திருவையாறு. தஞ்சாவூருக்குள் மூட்டையோடு இரண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடுவே அல்லாட வேண்டாம். ரயிலில் வருகிறவர்கள் அரியலூரில் இறங்கினால் தஞ்சாவூர் போகிற பஸ் கொள்ளிடம் தாண்டித் திருவையாறு வழியாகத்தான் வரும். சென்னைக்காரர்கள் பலருக்கு இந்த வழி தெரியவே தெரியாது.

ஆம்னி பஸ்ஸில்தான் வருவோம் என்றால் இரண்டு விஷயம். பல பஸ்கள் தஞ்சாவூரோடு நிற்பதில்லை, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று மேலே போகும். தூரம் போகிறவர்களின் சாமான் முன்னால் வந்துவிட்டால், விடிகாலை நாலரைக்குத் தூக்கக் கலக்கத்தில் இருக்கிற கிளீனர் இருட்டில் துழாவிக் கையில் கிடைத்ததை எடுத்துப் போடுவார். ஏறும்போதே "அண்ணே, தஞ்சாவூர்ல இறங்குறோம், ஓரமா வைங்க" என்று சொல்லி, எந்தப் பக்கத்து டிக்கி என்று பார்த்துக்கொள்ளுங்கள். பைக்கு ஒரு அடையாளத் துணி கட்டுங்கள், பச்சையோ மஞ்சளோ, ரவிக்கைத் துண்டு போதும். கறுப்புப் பையாகவே இருக்கிற கும்பலில் அதுதான் கண்ணில் படும். வேளா வேளைக்குச் சாப்பிடுகிற மாத்திரை, போன் சார்ஜர், கண்ணாடி, சாகித்யப் புத்தகம் இவை எதுவும் டிக்கிக்குப் போகக் கூடாது.

இரண்டாவது விஷயம் எனக்கு ரொம்பக் கோபம் வருகிற விஷயம். பஸ் ஸ்டாண்டு என்று டிக்கெட்டில் போட்டுவிட்டு பைபாஸில் இறக்கிவிடுகிறார்கள். போன வருடம் என் தங்கையையும் அவள் மாமியாரையும் அப்படித்தான் இறக்கிவிட்டார்கள். விளக்கில்லாத இடம், பனி, இரண்டு பெண்கள், இரண்டு படுக்கைச் சுருட்டு, ஒரு தம்பூரா. ஆட்டோ வருகிற வரைக்கும் அந்த வயதானவர் சாலையோரத்தில் தம்பூராவை அணைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். "உள்ள போனா லேட்டாகும்" என்று பதில். டிக்கெட் போடும்போதே இறங்கும் இடத்தின் பெயரைக் கேட்டு வாங்குங்கள், குழுவாகச் சேர்ந்து கேளுங்கள், ஒருத்தர் கேட்டால் காதில் விழாது, பத்துப் பேர் கேட்டால் வண்டி உள்ளே வரும். அரசு விரைவுப் பேருந்து சொகுசில் கொஞ்சம் குறைவாக இருக்கலாம், பஸ் ஸ்டாண்டுக்குள் வந்து நிற்கும். தனியாக வருகிற பெண்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

சரி, என்ன எடுத்துக்கொள்வது? ஜமக்காளம் ஒன்று, மெல்லிய போர்வை, கொசுவலை, மாற்றுத் துணி, துண்டு. மார்கழி, தை மாதத்துப் பனி மத்தியான வெயிலைப் பார்த்துவிட்டு ஏமாந்தவர்களை ராத்திரி நடுங்க வைக்கும், காதை மூட ஒரு மப்ளர் கட்டாயம். தலையணை வேண்டாம், மாற்றுத் துணியைத் துண்டில் சுற்றி வைத்தால் தலையணை. கோரைப்பாய் எனக்குப் பிடித்த பொருள், முசிறிப் பக்கத்துக் கோரைப்பாயில் படுத்த சுகம் வேறு எதிலும் இல்லை, ஆனால் பஸ்ஸில் அது நிமிர்ந்து நின்று முன்னால் இருப்பவர் கண்ணைக் குத்தும், வேண்டுமானால் இங்கே கடைத்தெருவில் வாங்கிக்கொள்ளலாம்.

கட்டுகிற விதத்தில்தான் பாதி இருக்கிறது. கீழே ஒரு விரிப்பு போடுங்கள். எங்கள் பக்கத்தில் யூரியா சாக்கைப் பிரித்துத் தைத்து நெல் காயப்போட வைத்திருப்பார்கள், அந்த மாதிரி. அதன் மேல் ஜமக்காளத்தை நீளவாக்கில் மூன்றாக மடித்துப் போட்டு, நடுவில் போர்வை, வலை, துணி எல்லாவற்றையும் மேடு பள்ளம் இல்லாமல் பரப்பி, ஒரு ஓரத்திலிருந்து முழங்காலால் அழுத்திக்கொண்டே சுருட்டுங்கள். காற்று போகப் போக சுருட்டு இறுகும், பவானி ஜமக்காளமாக இருந்தாலும் கக்கத்தில் அடங்கிவிடும். கயிறு வேண்டாம். பழைய சைக்கிள் டியூபை வளையம் வளையமாக வெட்டி இரண்டு முனையிலும் மாட்டுங்கள். பஸ் எவ்வளவு குலுங்கினாலும் நழுவாது, இருட்டில் முடிச்சைத் தேடிக்கொண்டு உட்கார வேண்டாம். என் அப்பா ஹோல்டால் தூக்கிய காலத்திலிருந்து இந்த டியூப் வளையம் எங்கள் வீட்டில் இருக்கிறது. வெளியே சுற்றியிருக்கிற சாக்கு விரிப்பு பனியைத் தடுக்கும், படுக்கும்போது அடியில் போட்டால் தரை ஈரத்தையும் தடுக்கும். ஜமக்காளம் ஒரு தடவை நனைந்தால் கனம் தாங்காது, காயவும் காயாது.

மிருதங்கம் எடுத்து வருகிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. எந்தக் காரணத்துக்காகவும் டிக்கியில் போடாதீர்கள். மேலே ஒரு டிராலி விழுந்தால் வலது பக்கத்து வலந்தலையின் கரணை, அந்தக் கறுப்புப் பூச்சு, விரிசல் விட்டுவிடும், அப்புறம் ஆராதனை முழுக்க வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். மடியில் வைத்துக்கொள்ளுங்கள், படுக்கும்போது போர்வைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், பனியில் தோல் தளர்ந்து சுருதி இறங்கிவிடும்.

கடைசியாகப் பந்தல். சுவாமிகளின் ஐந்து கீர்த்தனையான பஞ்சரத்னம் பாடுகிற அன்று காலை நாட்டை ராகத்தில் ஆரம்பித்து ஸ்ரீராகத்தில் முடிகிற வரைக்கும் அங்கே உட்கார்ந்திருப்பதற்காகத்தான் இவ்வளவு கஷ்டமும். அந்த இடத்தில் ஒரு வருடம் நான் பார்த்தது மனதை விட்டுப் போகவில்லை. எழுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு அம்மா, பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கௌளையும் ஆரபியும் பாடிக்கொண்டிருந்தார், உதடு மட்டும் அசைந்தது. அவருக்குப் பக்கத்தில் யாரோ கொண்டு வந்த பெரிய சூட்கேஸும் இரண்டு ட்ரெக்கிங் பையும் சௌகரியமாக உட்கார்ந்திருந்தன. நகர்த்தச் சொன்னேன், "பின்னாடி எங்க வைக்கிறது?" என்றார்கள். அவர்களுக்கும் உண்மையிலேயே வைக்க இடமில்லை. ஆனால் அந்தத் தரையைப் பற்றி யோசித்துப் பாருங்கள். 1920களில் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் தன் சொத்தைச் செலவழித்துத்தான் சுவாமிகளின் சமாதிக்குக் கோயில் எழுந்தது. அப்படி எழுப்பியவரையே பெண் என்பதால் அங்கே பாட விடவில்லை. அவர் ஒதுங்கிப் போகாமல் பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தினார், 1940களின் ஆரம்பத்தில் தனித்தனியாக ஆராதனை நடத்திய எல்லாக் கட்சியும் ஒன்றான பிறகுதான் ஆணும் பெண்ணும் ஒரே பந்தலில் உட்கார்ந்து பாடுகிறோம். ஒருத்தர் சம்மணம் போட்டு உட்காருகிற இடத்துக்காக அவ்வளவு பாடுபட்டு வாங்கிய தரையில், ஒரு பாட்டியை நிற்க வைத்துவிட்டு சூட்கேஸை உட்கார வைப்பது எனக்குத் தாங்கவில்லை.

இதற்கு வருகிறவர்களை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. தூரத்திலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்து நேரே பந்தலுக்கு வருகிறவர் மூட்டையை எங்கே வைப்பார்? கோயில் வாசலில் செருப்புக்கு டோக்கன் கொடுக்கிறோம். அதே மாதிரி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒன்று, பந்தல் பக்கத்தில் ஒன்று, கீற்றுக் கொட்டகை போட்டு, நாலு கல்லூரிப் பிள்ளைகளை உட்கார வைத்து, டோக்கன் கொடுத்து சாமானைப் பார்த்துக்கொண்டால் போதும். பைக்குப் பத்து ரூபாய் வாங்கட்டும், யாரும் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். நான் போன வரையில் அப்படி ஒன்று கண்ணில் படவில்லை. விழா நடத்துகிறவர்களோடும் பேரூராட்சியாக இருந்து நகராட்சியான ஊரின் நிர்வாகத்தோடும் பழக்கமுள்ளவர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து எடுத்துச் சொல்லுங்கள். கொட்டகைக்கு ஆள் வேண்டுமென்றால் எங்கள் தெருவிலிருந்தே நாங்கள் ஏழெட்டுப் பேர் முறை வைத்து வந்து உட்காரத் தயார்.

திரும்பிப் போகும்போது இந்த ஊர் இனிப்பான அசோகா வாங்காமல் யாரும் போகப் போவதில்லை. நெய் கசியும், டப்பாவை பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டிக் கைப்பையில் வையுங்கள், படுக்கைக்குள் சுருட்டாதீர்கள். ஜமக்காளத்தை ஒரு மணி நேரமாவது வெயிலில் உலர்த்திவிட்டுச் சுருட்டுங்கள். என் அண்ணன் மகளும் அவள் தோழிகளும் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் படுக்கப் போகிறார்கள், நாலு கொசுவலைக்கு ஆணி அடித்தாகிவிட்டது.