விடுதி அறையின் சூடு கட்டட வரைபடத்திலேயே முடிவாகிறது

சென்னை ஓஎம்ஆரிலும் பொத்தேரி, கூடுவாஞ்சேரி பக்கமும் மாணவர்களுக்கென்றே விடுதிகள் மளமளவென்று எழும்புகின்றன. கட்டுகிறவர் வடிவமைப்பில் மிச்சம் பிடிக்கிறார். அதற்கான கரண்ட் பில்லை அறைக்கு அறை வைத்த சப்-மீட்டர் கணக்கில் மாதாமாதம் பிள்ளைகள் கட்டுகிறார்கள். எனக்கு இதில் உண்மையிலேயே கோபம்.

அக்கா மகனுக்கு இடம் பார்க்க நாவலூர் பக்கம் ஒரு விடுதிக்குப் போனோம். மேல்மாடி அறை, மேற்குச் சுவர். இருட்டி வெகுநேரம் ஆகியும் சுவரில் கை வைத்தால் சுட்டது. பகலெல்லாம் வெயில் வாங்கிய சுவரும் கான்கிரீட் தளமும் ராத்திரியில்தான் சூட்டை உள்ளே விடும். பகலில் பிள்ளைகள் காலேஜில் இருப்பார்கள். படிப்பதும் தூங்குவதும் அந்தச் சூட்டில்தான். மேற்குப் பக்கத்தைப் படிக்கட்டுக்கும் குளியலறைக்கும் ஒதுக்கி, மொட்டைமாடியில் வெள்ளை ஓடு பதித்திருந்தாலே எவ்வளவோ குறைந்திருக்கும்.

அப்புறம் காற்று. நடுவில் நடை, இரண்டு பக்கமும் அறைகள், அறைக்கு ஒரே ஒரு ஸ்லைடிங் ஜன்னல். அது எவ்வளவு தள்ளினாலும் பாதிதான் திறக்கும். பழைய வீடுகளில் கதவுக்கு மேலே வென்டிலேட்டர் இருக்கும். தாழ்ப்பாள் போட்டுப் படுத்தாலும் காற்று குறுக்கே ஓடும். அதை ஏன் எடுத்தார்கள்? மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று வீசும் ஊர் இது.

இதெல்லாம் நடைமுறைக்கு ஆகாது என்பவர்கள் பாண்டிச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியைப் பார்க்க வேண்டும். ஆன்டனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1930களில் தொடங்கிய கட்டடம். வடக்கிலும் தெற்கிலும் சுவருக்குப் பதில் கிடைமட்டமாக அடுக்கிய, திருப்பித் திறந்து மூடும் பலகைகள், கூரைத் தளத்துக்கு மேல் இடைவெளி விட்டு இன்னொரு அடுக்கு ஓடு. ஏசியை நம்பாமல் கட்டியது.

ஃபேன் கணக்கையும் பாருங்கள். சாதாரண ஃபேனுக்கு சுமார் 75 வாட், கரண்ட் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி மோட்டார் ஃபேனுக்கு 30. 200 ஃபேன் 12 மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 108 யூனிட் மிச்சம்.

ஏசியே கூடாது என்று நான் சொல்லவில்லை, மே மாதப் புழுக்கத்துக்கு வேண்டும்தான். ஆனால் சுவர் சுடாத அறையில் ஏசியை 26 டிகிரியில் வைத்து ஃபேனைப் போட்டாலே நிம்மதியாகத் தூங்கலாம்.

இந்த வருஷம் பிள்ளைகளுக்கு இடம் பார்ப்பவர்கள் ராத்திரியில் போய்ப் பாருங்கள். ஏசியை அணைக்கச் சொல்லி கொஞ்ச நேரம் உட்காருங்கள். அந்த அறைக்குப் போன மே மாதம் எத்தனை யூனிட் ஓடியது, யூனிட்டுக்கு என்ன ரேட் என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.