பத்து மணி பஸ்ஸில் வரும் டாக்டர்கள்

எம்பிபிஎஸ் மாணவர்கள் முதல் வருடத்திலேயே ஆளுக்கு மூன்று முதல் ஐந்து குடும்பங்களைத் தத்தெடுத்து, தொடர்ந்து போய்ப் பார்த்துவர வேண்டும் என்பது தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. என் சண்டையெல்லாம் அந்த பஸ் வரும் நேரத்தோடு.

ராமநாதபுரம் கடலோரத்தில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிறேன். கல்லூரி பஸ் காலை பத்து மணிக்கு வரும், சாப்பாட்டு நேரத்துக்குக் கிளம்பிவிடும். பத்து மணிக்கு எங்கள் ஊரில் யார் இருப்பார்கள்? படகு போன நாள் என்றால் ஆண்கள் கடலில். கரை திரும்பிய நாள் என்றால் ராத்திரி முழுக்க வலை இழுத்த அசதியில் தூங்குவார்கள், எழுப்பினால் திட்டுதான் விழும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல்பாசி எடுக்கும் பெண்கள் விடியக்காலையிலேயே படகேறித் தீவுப் பக்கம் போயிருப்பார்கள். மிச்சம் இருப்பது பாட்டிகள்தான். நம் வருங்கால டாக்டர் பாட்டியிடமே மொத்தக் குடும்பத்தின் கதையையும் கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்.

ஒரு பையன், அக்கறையானவன்தான், நிரப்பிய படிவத்தைப் பார்த்தேன். மனைவியின் தொழில்: இல்லத்தரசி. அந்த அம்மாவை எனக்குத் தெரியும், கல்யாணத்துக்கு முன்பிருந்தே பாசி எடுப்பவர். விரல்களில் கிழிந்த சேலைத் துணியைச் சுற்றிக்கொண்டுதான் பாறையில் கை வைப்பார். அப்படியும் நகக்கண் கிழிந்து, உப்புத் தண்ணீரில் ஊறி ஊறி, புண் ஆறாமல் வெளுத்துப்போய்க் கிடக்கும். சர்க்கரை வேறு இருக்கிறது. பாடப் புத்தகத்தில் தொழில்சார் நோய்கள் என்று ஒரு அத்தியாயமே படிக்கிறார்கள், அது கண்முன்னால் நிற்க வேண்டிய வீட்டில் இல்லத்தரசி என்று எழுதிவிட்டு வருகிறார்கள். அவர் வீட்டில் இருந்தால்தானே அந்தக் கையைப் பார்க்க முடியும்.

அப்புறம் இந்த மாத வருமானம். ஒரு குடும்பத்தின் சமூகப் பொருளாதார நிலையைக் கணக்கிடும் குப்புசாமி அளவுகோல், பிரசாத் அளவுகோல் எல்லாவற்றுக்கும் அது வேண்டும். பங்குக்குக் கடலுக்குப் போகிறவரிடம் "மாசம் எவ்வளவுண்ணே வரும்?" என்று கேட்டால் "எந்த மாசம் தம்பி?" என்று திருப்பிக் கேட்பார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம், அது முடிந்தாலும் காற்று விட்டால்தான் தொழில். மாணவர் ஏதோ ஒரு எண்ணைப் போட்டுக் கட்டத்தை நிரப்பிவிடுகிறார்.

இன்னொரு வீட்டில் அண்ணனுக்கு ரத்த அழுத்தம் 170/100. உப்பைக் குறைங்க, கருவாடு வேண்டாம் என்று ஒரு மாணவி சொல்லிவிட்டுப் போனாள். மக்களைத் தேடி மருத்துவத்தில் கொடுத்த மாத்திரை அலமாரியில் அப்படியே இருக்கிறது. படகில் நேரத்துக்குச் சோறு கிடையாது, வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுத் தலைசுற்றினால் கடலில் விழுந்துவிடுவோம் என்ற பயம் அவருக்கு. இதை முதல் நாளே யாரிடமும் சொல்ல மாட்டார், இரண்டாவது மூன்றாவது தடவையில்தான் வாயைத் திறப்பார். அடுத்த தடவை பஸ் வந்தபோது அவர் கடலில்.

படிப்பை முடித்துப் பயிற்சியில் இருக்கும் ஹவுஸ் சர்ஜன்கள் கதை வேறு. சமூக மருத்துவத்துக்கு 12 வாரம். அது மேற்படிப்புக்கான நீட் பிஜி தேர்வுக்குப் படிக்கக் கிடைத்த லீவு என்றே பாதிப் பேர் நினைக்கிறார்கள். அவர்களை மட்டும் திட்டியும் பயன் இல்லை, அந்த நுழைவுத் தேர்வு அப்படி. தங்கிப் படியுங்கள் என்றால் பெண் பிள்ளைகளுக்கு ஒழுங்கான கழிவறை வேண்டும், நல்ல தண்ணீரைக் குடக்கணக்கில் காசு கொடுத்து வாங்கும் ஊர்கள் இங்கே இருக்கின்றன.

1946-லேயே நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த ஜோசப் போர் (Bhore) குழு, மாணவர்களுக்கு மூன்று மாதம் நோய்த்தடுப்பு, சமூக மருத்துவப் பயிற்சி வேண்டும் என்றது. 1977-ல் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியோடும் மூன்று ஆரம்ப சுகாதார நிலையங்களை இணைக்கும் திட்டம் வந்தது. ஆக யோசனைக்குப் பஞ்சம் இல்லை.

என்னைக் கேட்டால் கால அட்டவணையை எங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் கொடுத்துவிடலாம். எந்தப் படகு எப்போது கரைக்கு வரும், எந்த வீட்டில் எந்த நேரத்தில் போனால் பேசுவார்கள் என்பதெல்லாம் அந்த அக்காவுக்கு அத்துப்படி. மாணவருக்கு உள்மதிப்பீட்டு மார்க் போடும் உரிமையில் ஒரு பங்கையும் அவருக்கே கொடுங்கள். ஐந்து குடும்பம் வேண்டாம், ஒன்றை உருப்படியாகப் பார்க்கட்டும். அந்த அண்ணன் மாத்திரை போட ஆரம்பித்தாரா என்று தேர்வில் கேளுங்கள்.

பஸ்ஸை மாலை நான்கு மணிக்கு அனுப்பச் சொல்லி எழுதிக் கேட்டுப் பார்த்தேன். டிரைவருக்கு ஓவர்டைம் யார் கொடுப்பது என்று பதில் வந்திருக்கிறது.