எச்.ஐ.வி. உள்ள வீட்டுப் பிள்ளையால் வகுப்புக்கு ஆபத்தா?

"பெற்றோருக்கு எச்.ஐ.வி. இருந்தால் பிள்ளையை வகுப்பில் தனியாக உட்கார வையுங்கள், மற்றவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது பொய்.

எச்சில், வியர்வை, கொசுக்கடி, கழிப்பறை, பகிர்ந்து உண்ணும் சாப்பாடு எதனாலும் எச்.ஐ.வி. பரவாது. பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைக்கும் இருக்கும் என்பதும் தவறு. சிகிச்சையே இல்லாவிட்டாலும் தாயிடமிருந்து தொற்றுவது நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகளுக்குத்தான். தாயும் சேயும் முறையாக மருந்து எடுத்தால் அது 5-க்கும் கீழே இறங்கிவிடும்.

முழங்கால் சிராய்ந்து ரத்தம் வந்தால்? யார் பிள்ளையானாலும் கையுறை போட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவிக் கட்டுப் போடுங்கள். அவ்வளவுதான்.

படிப்பு கெடுவது வேறு இடத்தில். அம்மா படுத்துவிட்டால் தம்பி தங்கையைப் பார்ப்பதும் மருந்து வரிசையில் நிற்பதும் மூத்த பிள்ளைதான், பல வீடுகளில் பெண் பிள்ளை. மாதாமாதம் அலையத் தேவையில்லை: உடல்நிலை சீராக இருப்பவருக்கு 3 முதல் 6 மாத மாத்திரையைச் சேர்த்தே தரலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிகிச்சை மையத்தில் கேளுங்கள். பரிசோதனை நாளைப் பள்ளி விடுமுறையில் கேட்டு வாங்குங்கள். முடியாதபோது விடுப்புக் கடிதத்தில் 'மருத்துவப் பரிசோதனை' என்று எழுதினால் போதும்; நோயின் பெயர் வேண்டாம்.