தொப்பி கொடுத்தவர்கள் ஒப்பந்தம் கொடுக்கவில்லை

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் கிளே தொம்சனைப் பற்றி நான் போட்ட நாலு வரிக்குக் கீழே நடந்த சண்டையை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். "முடிந்துபோன ஆளுக்காக ஏன் அண்ணே அழுகிறீர்கள்" என்று ஒரு தம்பி எழுத, அதற்கு முப்பது பேர் சிரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அங்கேயே பதில் எழுதப் பார்த்தேன், முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் சொன்னது ஒன்றுதான். அவருடைய பழைய அணியான கோல்டன் ஸ்டேட் வொரியர்ஸ் கிளேயின் ஒப்பந்தத்தை நீட்டியிருக்க வேண்டும்.

2024 நவம்பரில் புது அணியான டலஸின் சட்டையோடு அவர் பழைய அரங்குக்குள் வந்தபோது ஊழியர்கள் வரிசையில் நின்று கைதட்டினார்கள். எல்லார் தலையிலும் கப்பல் கப்டன் தொப்பி. பார்க்க வந்த சனத்துக்கும் தொப்பி. கிளே அங்கே படகில் வந்து விளையாடினவர், அந்த ஞாபகத்துக்காம். அந்த வருடக் கோடையில் அந்த மனிதனைப் போகவிட்டுவிட்டு நவம்பரில் தொப்பி கொடுத்தால் சரியாகிவிடுமா? கிளேயின் பழைய கூட்டாளி ஸ்டெஃபன் கரி 37 புள்ளி எடுத்து வொரியர்ஸை 120-117 என்று வெல்லவைத்தார். கிளே எதிர்ப்பக்கம் நின்று 22 எடுத்தார். நான் தலவாக்கலை பஸ்ஸில் போனைப் பார்த்துக்கொண்டு வந்தேன். என் அணி வென்றது, எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு அவர் யார் என்று தெரியாமல் இருக்கலாம். 13 பருவம் ஒரே அணி. 2015, 2017, 2018, 2022 என்று நாலு சம்பியன் கிண்ணம். 2015 ஜனவரியில் சக்ரமென்டோவுக்கு எதிராகப் போட்டியின் ஒரே கால்பகுதியில் 37 புள்ளி. 2019 இறுதிச் சுற்றின் ஆறாவது போட்டியில் இடது முழங்கால் நார் அறுந்தது. உள்ளே கூட்டிப்போகும் வழியிலிருந்து திரும்பி வந்து, அறுந்த காலோடு நின்று, தவறுக்காகக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோ எறிதலையும் போட்டுவிட்டுத்தான் போனார். அடுத்த வருடம் குதிகால் நார் அறுந்தது. 941 நாள் விளையாடவில்லை. 2022 ஜனவரியில் திரும்பி வந்தார், அந்த ஜூனிலேயே கிண்ணம்.

அந்த 941 நாளில் நான் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் நின்றேன். கொரோனாவில் கடை பூட்டி, அறையில் நாலு பேர் அடைந்து கிடந்தோம். அவர் தனியாகப் பந்து எறிந்து பழகும் சின்னச் சின்ன வீடியோக்களை அப்போது எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. இவன் எழும்பினால் நாமும் எழும்புவோம் என்று ஒரு நினைப்பு. சரி, அது என் கதை.

"அண்ணே, வொரியர்ஸுக்கு ஆடிய கடைசிப் போட்டியில் பத்து எறிந்து பத்தும் தவறவிட்டாரே?" ஆமாம், 2024 ஏப்ரலில் சக்ரமென்டோவில். பார்த்தேன், சாப்பிடவில்லை. ஆனால் அந்தப் பருவம் முழுவதும் போட்டிக்கு 17.9 புள்ளி எடுத்தவரை அந்த ஒரு இரவை வைத்தா எடைபோடுவீர்கள்?

"அணி முதலில் பேசிய தொகையை அவர்தான் வேண்டாம் என்றார்." அப்படித்தான் செய்தி வந்தது. ஆனால் 2022இல் இளம் ஆள் என்று ஜோர்டன் பூலுக்கு நூறு மில்லியன் டொலருக்கு மேல் எழுதிக் கொடுத்தார்களே, ஒரு வருடம் ஆவதற்குள் அவரை வாஷிங்டனுக்கு அனுப்பினார்களே, அப்போது இந்தக் கணக்குப்பிள்ளைகள் எங்கே இருந்தீர்கள்?

"லேக்கர்ஸ் அணியின் கோபி பிரையன்ட்டுக்கு 2013இல் குதிகால் நார் அறுந்திருந்தபோதே லேக்கர்ஸ் இரண்டு வருடத்துக்கு 48.5 மில்லியன் கொடுத்து நாசமாய்ப் போனது." உண்மை. அவருடைய கடைசிப் பருவத்தில் அணிக்கு 17 வெற்றிதான். ஆனாலும் அந்தக் கடைசி இரவில் அவர் எடுத்த 60 புள்ளியை லேக்கர்ஸ் ரசிகர் யாராவது திருப்பிக் கொடுப்பாரா, கேட்டுப் பாருங்கள். ஸ்பர்ஸ் டிம் டங்கனை 19 பருவம் வைத்திருந்தது. 2014இல் கிண்ணம் தூக்கும்போது அவருக்கு 38 வயது. அவரும் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார். இரண்டு பக்கமும் மனது வைத்தால் நடக்கும். பொஸ்டன் 2013இல் மூத்த வீரர்கள் பியர்ஸையும் கார்னெட்டையும் அனுப்பித்தான் பின்னால் இளம் வீரர்கள் டேட்டமையும் பிரவுனையும் எடுத்தது, 2024இல் கிண்ணமும் எடுத்தது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் எனக்கு அப்படி ஒரு கிண்ணம் வேண்டாம்.

"அது வியாபாரம் அண்ணே" என்கிறீர்கள். அந்தச் சொல்தான் எனக்குத் தாங்கவில்லை.

என் அம்மா 34 வருடம் ஒரே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். மழை, அட்டை, குளவி எல்லாம் பார்த்தவர். கொழுந்து குறைந்த நாளில் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்டாலும் மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முதல் ஆளாகப் போய் நின்றவர். அவருடைய முழங்கால் பழுதான வருடம் வேலைப் பதிவிலிருந்து பேர் வெட்டினார்கள். மாலை போட்டு, ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து, படம் எடுத்தார்கள். சேவைக்காலப் பணம் 30 நாளில் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எங்களுக்கு வந்து சேர ஒன்றரை வருடம் ஆனது. இடையில் ஆள் போதவில்லை என்று கங்காணி லயத்துக்கே வந்து அம்மாவைக் கைக்காசுக்குக் கூப்பிட்டார். அதே மலை, அதே நிரை, கிலோவுக்குக் காசு. பேர் மட்டும் செக்ரோல் என்கிற வேலைப் பதிவில் இல்லை. அந்தக் கடிகாரம் இப்போதும் எங்கள் வீட்டு இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், ஓடுகிறது. அந்தத் தொப்பிகளைப் பார்த்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

மில்லியன் டொலர் வாங்குகிறவனையும் தோட்டத் தொழிலாளியையும் ஒன்றாக வைக்கிறாயா என்று இனி ஒருவர் வருவார். தொகை ஒன்றில்லை, எனக்குத் தெரியும். கிளேக்கு டலஸ் மூன்று வருடத்துக்கு 50 மில்லியன் கொடுத்தது. என் அம்மாவை எந்தத் தோட்டமும் பேர் பதிய அழைக்கவில்லை. ஆனால் உடம்பில் பலம் இருக்கும்வரை "நம்ம ஆள்", முழங்கால் போனதும் "வியாபாரம்" என்று பேசுகிற வாய் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அதைப் பார்த்து நம்ம பிள்ளைகளே சிரிப்பதுதான் எனக்கு வலிக்கிறது. தம்பி, உன் அம்மாவும் மலைக்குப் போனவர்தானே?

கரியின் ஒப்பந்தத்தை 2024 ஓகஸ்டில் 2026-27 பருவம்வரை நீட்டினார்கள். அது முடியும்போது அவருக்கு 39 வயது. அவர் இன்னும் ஒரு வருடம் விளையாட வேண்டும் என்று கேட்டால் கொடுக்க வேண்டும். எறிவது பாதி உள்ளே போகாவிட்டாலும் கொடுக்க வேண்டும். அன்றைக்கும் இதையேதான் எழுதுவேன், அன்றைக்கும் வந்து சிரியுங்கள்.