நம்ம குமரி மாவட்டத்துக்கு ஒரு சின்ன டிரையத்லான் வேணும்

கோவாவில் அயர்ன்மேன் 70.3 என்கிற டிரையத்லான் போட்டியை (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து) முடித்துவிட்டு நாகர்கோவிலில் ரயில் இறங்கினதிலிருந்து எல்லாரும் கேட்பது ரெண்டே கேள்விதான். "எத்தனாவது வந்தீங்க டீச்சர்?" அடுத்தது, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "எவ்வளவு செலவாச்சு?"

முதலாவதுக்குப் பதில் சின்னது. கொடுத்த எட்டரை மணி நேரத்துக்குள் முடித்தேன். கடலில் 1.9 கிலோமீட்டர் நீச்சல், ஈரம் காயும் முன்னாடியே 90 கிலோமீட்டர் சைக்கிள், அதை மாட்டிவிட்டு 21.1 கிலோமீட்டர் ஓட்டம். மூன்றையும் மைலாக்கிக் கூட்டினால் 70.3 வரும், போட்டியின் பெயரில் அந்த எண் இருப்பது அதனால்தான். முழு அயர்ன்மேன் இதற்கு இரட்டிப்பு. நாற்பதைத் தாண்டி, காலையில் டிபன் பாக்ஸ் கட்டிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிற ஒருத்திக்கு எத்தனாவது இடம் என்பதெல்லாம் ஒரு கணக்கே இல்லை. நீச்சலை ஒரு மணி பத்து நிமிஷத்துக்குள் முடிக்காவிட்டால் அதோடு சரி, மேற்கொண்டு விடமாட்டார்கள். என் பயம் முழுக்க அதில்தான் இருந்தது.

இரண்டாவது கேள்விக்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். "இதெல்லாம் காசு இருக்கப்பட்டவங்க விளையாட்டு டீச்சர்" என்று எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒருவர் சொன்னார். பாதி சரி. நுழைவுக் கட்டணம், அறை வாடகை, சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் கட்டிக் கொண்டுபோகிற செலவு என்று கூட்டினால் ஒரு மாசச் சம்பளத்தில் பெரும்பங்கு போயே போச்சு. அங்கே சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் சும்மா ஒரு நடை நடந்தால் தலை சுற்றும். சில சைக்கிள்களின் விலைக்கு நம்ம ஊரில் புது ஸ்கூட்டர் ரெண்டு வாங்கலாம். அந்த வரிசையில் என்னுடையது யாரோ ஓட்டிவிட்டு விற்ற அலுமினிய சைக்கிள், கைப்பிடி டேப்கூட நான் சுற்றினது.

மீதிப் பாதியைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இது பணக்காரர்கள் ஆரம்பித்த விளையாட்டு இல்லை. 1974-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில் ஒரு ஓட்டக் கிளப்காரர்கள், ஓடி ஓடி அலுத்துப்போய், நீச்சலையும் சைக்கிளையும் சேர்த்து ஒரு சாயங்காலம் நடத்திப் பார்த்தது. 1978-ல் ஹவாயில் ஜான் காலின்ஸ் என்கிற கடற்படைக்காரர், நீச்சல்காரனுக்குத் தெம்பு அதிகமா ஓட்டக்காரனுக்கா என்ற வாய்ச்சண்டையைத் தீர்க்க, அங்கே தனித்தனியாக நடந்துகொண்டிருந்த மூன்று போட்டிகளின் தூரத்தை ஒரே நாளில் அடுக்கினார். அதுதான் முதல் அயர்ன்மேன். இறங்கியது 15 பேர், முடித்தது 12 பேர். டிரையத்லான் ஒலிம்பிக்கில் சேர்ந்தது 2000-ல், சிட்னியில். அங்கே தூரம் 1.5 கிலோமீட்டர், 40, 10. அதிலும் பாதி தூரத்துக்கு ஒன்று இருக்கிறது, ஸ்பிரின்ட் என்பார்கள்: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம்.

20 கிலோமீட்டர் என்றால் நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகிற தூரம். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுக்கிற சைக்கிள் இருக்கிறதே, கியர் கிடையாது, முன்னாடி கூடை வைத்தது, அதில் போகலாம். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் அந்தச் சைக்கிளில் பின்னாடி ஒரு ஆளையும் வைத்துக்கொண்டு ஏற்றம் ஏறி வருகிறார்கள். 5 கிலோமீட்டர் ஓட்டம் அவர்களுக்கு ஒரு விஷயமே இல்லை. ஆக, சைக்கிளுக்கும் செலவில்லை, ஓட்டத்துக்கும் செலவில்லை. இடிக்கிற இடம் தண்ணீர்தான்.

வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். அணை, ஆறு, குளம், பாசனச் சானல், கடல் எல்லாம் இருக்கிற மாவட்டத்தில் நீந்தத் தெரியாத பிள்ளைகள் எத்தனை பேர்! நான் வளர்ந்தது நாஞ்சில்நாட்டுப் பக்கம். ஜூன் முதல் தேதி அணை திறந்தால் பிப்ரவரி கடைசி வரை சானலில் தண்ணி ஓடும், எங்கள் குளிப்பு முழுக்க அதில்தான். நெஞ்சளவுத் தண்ணி. நின்று குளிக்கலாம், நீந்த வேண்டிய அவசியமே வராது. பையன்கள் பாலத்திலிருந்து குதித்து எப்படியோ கற்றுக்கொள்வார்கள். பொம்பளைப் பிள்ளைகள் படித்துறையில் துணி துவைத்துவிட்டு ஏறிவிடுவோம். பின்னால் நீச்சல் குளத்தில் சேரலாம் என்று விசாரித்தால், பெண்களுக்கு ஒதுக்கின நேரம் சரியாக நான் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிற நேரம்! கடைசியில் என் நாத்தனார் வீட்டுப் பக்கத்துக் குளத்தில், விடியுமுன்னே, அவள் கரையில் துண்டோடு காவல் நிற்க, வயசு போன காலத்தில் கையைக் காலை அடித்துப் பழகினேன்.

குளத்து நீச்சல் கடலுக்கு உதவாது என்று பிறகுதான் புரிந்தது. அதற்காகக் கடியபட்டணம் கடற்கரைப் பக்கம் போக ஆரம்பித்தேன். அம்மாவுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. "கடப்புறத்துல உனக்கு என்ன சோலி?" என்றாள். அந்த ஒரு கேள்வியில் நம்ம மாவட்டத்தின் பாதிக் கதை இருக்கிறது. எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். ஆனால் மீன் வாங்குவதைத் தவிர அந்தப் பக்கத்து ஆட்களோடு எங்கள் ஆட்களுக்கு வேறு பேச்சு இருந்ததில்லை.

எனக்குக் கடல் சொல்லிக்கொடுத்தவர் சிப்பி எடுத்து ஓய்ந்த ஒரு பெரியவர். பாறையில் ஒட்டியிருக்கிற சிப்பியை மூச்சைப் பிடித்து முங்கி, கத்தியால் நெம்பி எடுக்கிற தொழில். அவர் ஸ்டைல் நீச்சல் எல்லாம் அடிக்க மாட்டார், கையைத் தண்ணிக்கு மேலே தூக்குவதே இல்லை. நான் கண்ணாடியும் தொப்பியும் மாட்டிக்கொண்டு போனதைப் பார்த்துச் சிரித்தார். முதலில் தண்ணிக்குள் விடவே இல்லை. கரையில் உட்காரவைத்து அலையை எண்ணச் சொன்னார். பெரிய அலை கூட்டமாக வரும், பிறகு கொஞ்ச நேரம் அடங்கும், அந்த அடங்கலில் இறங்கணும். "அலையக் கண்டா நின்னுக்கிடாதீங்க டீச்சரே. நின்னா தூக்கி அடிச்சிரும். அது வருமுன்ன நீங்க முங்கி அடியில போயிரணும்." இன்னொன்று: இழுப்பில், அதாவது கடலுக்குள் இழுக்கிற நீரோட்டத்தில், மாட்டினால் கரையைப் பார்த்து நேராக நீந்தக்கூடாது, தெம்பு தீர்ந்துவிடும், பக்கவாட்டில் நீந்தி இழுப்பை விட்டு வெளியே வந்த பிறகுதான் கரைக்குத் திரும்பணும். இதையே கோவாவில் போட்டிக்கு முந்தின நாள் விளக்கக் கூட்டத்தில் ஆங்கிலத்தில், படம் போட்டுச் சொன்னார்கள்.

திசை பார்ப்பதும் அவரிடம் படித்ததுதான். கடலுக்குள் தலை குனிந்து நீந்தினால் நேராகப் போகிறோம் என்றுதான் தோன்றும், உண்மையில் வளைந்து வளைந்து எங்கேயோ போயிருப்போம். மிதவையை மட்டும் பார்த்தாலும் போதாது, அலை உயர்ந்தால் மிதவை மறைந்துவிடும். அவர் தொழிலில், கரையில் தெரிகிற சர்ச் கோபுரத்தையும் அதற்குப் பின்னால் நிற்கிற மலை முகட்டையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து இடம் குறிப்பார்கள். கோவாவில் மிதவைக்குப் பின்னால் உயரமாக நின்ற ஒரு கட்டடத்தைப் பிடித்துக்கொண்டு நான் அதைத்தான் செய்தேன். என்னைவிட வேகமாக நீந்திய சிலர் கோணலாகப் போய்த் திரும்பி வந்ததை நான் மெதுவாகப் போகிற வசதியில் நன்றாகவே பார்த்தேன்.

அந்த நீச்சல் சுகமான அனுபவம் என்று பொய் சொல்ல மாட்டேன். தண்ணி வெதுவெதுப்பு, அதனால் குளிர்நாட்டுக்காரர்கள் போடுகிற ரப்பர் உடுப்பு அங்கே கிடையாது, மிதக்க உதவி எதுவுமில்லை. பின்னால் வருகிறவர் கை நம் கணுக்காலில் விழும், முன்னால் போகிறவர் குதிகால் கண்ணாடியில் இடிக்கும். உப்பில் நாக்கு தடித்துவிட்டது. கரையேறி ஓடினால் மூச்சு இரைப்பில் ஹெல்மெட் கொக்கி கைக்கு அகப்படவே இல்லை. ஹெல்மெட்டை மாட்டிக் கொக்கி போட்ட பிறகுதான் சைக்கிளைத் தொடலாம், அது விதி. உடை மாற்றுவது, செருப்பு மாட்டுவது, பாதத்து மணலைத் தட்டுவது எல்லாமே நேரக் கணக்கில் சேரும்.

சைக்கிளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஓட்டிப் பழகினவளுக்கு வேறு எந்தக் காற்றும் பொருட்டில்லை. போகும்போது முப்பந்தல் காற்றாலை வரைக்கும் பின்னாலிருந்து தள்ளிவிடும், நமக்கு ரொம்பத் தெம்பு வந்துவிட்டதாக நினைப்போம். திரும்பும்போது தெரியும். ஊரில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டி வந்து காற்றிலிருந்து தப்பிப்போம், போட்டியில் அதற்கு இடமில்லை, முன்னால் போகிறவருக்கு 12 மீட்டர் விடணும். சட்டைப் பின்பையில் மட்டிப்பழம் வைத்திருந்தேன். அங்கே எல்லாரும் பிய்த்துப் பிய்த்துக் குடிக்கிற ஜெல் பாக்கெட் ரெண்டின் காசுக்கு வடசேரிச் சந்தையில் ஒரு சீப்பே வாங்கலாம். புவிசார் குறியீடு வாங்கின பழம் வேறு! நசுங்கத்தான் செய்தது. நசுங்கினால் என்ன, அதுவும் ஜெல்தானே.

சைக்கிளிலிருந்து இறங்கி ஓட ஆரம்பிக்கும்போது கால் ரெண்டும் வேகாத மரச்சீனிக் கிழங்கு மாதிரி இருந்தது. மணிக்கணக்காகச் சுற்றியே பழகின கால், ஓடச் சொன்னால் ஓடுமா? கொஞ்ச தூரம் போனதும் தானாக வழிக்கு வரும். அதற்காகவே சைக்கிளை விட்டு இறங்கினவுடன் ஓடிப் பழக வேண்டும். மிச்ச 21 கிலோமீட்டரும் வெயிலும் தண்ணியும்தான், விட்டுவிடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம்ம மாவட்டத்தில் பிள்ளைகளுக்கு ஒரு ஸ்பிரின்ட் டிரையத்லான் வைக்கணும். எந்தச் சைக்கிளும் வரலாம், பிரேக் பிடிக்கணும், தலையில் ஹெல்மெட் இருக்கணும், அவ்வளவுதான் நிபந்தனை. போட்டி ஒரு சாக்கு. 750 மீட்டர் நீந்தணும் என்றால் ஆறேழு மாசத்துக்கு முன்னாலேயே நீச்சல் கற்றாகணும், எனக்கு வேண்டியது அந்த மாசங்கள்தான்.

"பிள்ளைகளைத் தண்ணியில இறக்கி ஏதாவது ஆச்சுன்னா?" என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2024 மே மாசம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது. கள்ளக்கடல். நம்ம கரையில் காற்றே இருக்காது, எங்கேயோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் கிளம்பின அலை இங்கே வந்து ஏறும். நீச்சல் தெரிந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை, அந்த மாதிரிக் கடலில் நல்ல நீச்சல்காரரும் நிற்க முடியாது. ஆனால் இன்றைக்கு இறங்கக்கூடாது என்று கடலைப் பார்த்துச் சொல்கிற ஆட்கள் நம்ம கடற்கரையில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அந்த அறிவை உள்நாட்டுப் பிள்ளைகளுக்குக் கொண்டுவர நாம் ஒரு வழியும் செய்யவில்லை. விவேகானந்தர் 1892-ல் நீந்திப் போனதாகச் சொல்கிற பாறையையும் வள்ளுவர் சிலையையும் சேர்த்துக் கண்ணாடிப் பாலம் போட்டாயிற்று, நல்லது, நானும் போய்ப் பார்த்தேன். கடலை மேலே நின்று பார்க்க ஆகிற செலவில் சிறு துளி போதும் இதற்கு.

முதல் வருஷம் கடல் வேண்டாம். துறைமுகத் தூண்டில் வளைவுக்கு (அலை தடுக்கிற கல் சுவர்) உள்ளே வைக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார், டீசல் மிதக்கிற தண்ணியில் யார் முகம் வைப்பது? பேச்சிப்பாறை அணை ஆழம். சுசீந்திரம், தேரூர், வேம்பனூர்க் குளங்கள் பறவைகளுக்கு உரியவை, ராம்சார் என்கிற உலகச் சதுப்புநிலப் பட்டியலில் உள்ளவை, தை மாசத்தில் அங்கே போய்க் கூச்சல் போடக்கூடாது. தாமரைக் குத்தகையில் இருக்கிற குளத்தில் கொடி காலைச் சுற்றும். இதெல்லாம் இல்லாத, கரை நாலு பக்கமும் தெரிகிற ஒரு பெரிய குளம் வேணும். கடற்கரை ஊர்களிலிருந்து சிப்பிக்காரர்களைக் காவலுக்குக் கூப்பிடணும், தன்னார்வம் என்று ஓசியில் இல்லை, ஒரு நாள் தொழிலை விட்டு வருகிறார்கள், கூலி கொடுத்து. அதற்கு முந்தின மாசங்களில் நீச்சல் சொல்லிக்கொடுப்பதும் அவர்களே என்றால் இன்னும் நல்லது. பொம்பளைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட நேரம் அல்லாத ஒரு நேரம், முழுக்கை உடுப்போ லெகின்ஸோ அவரவர் இஷ்டம், கரையில் வேடிக்கை பார்க்கிறவர்களை விரட்ட என் நாத்தனார் போதும்.

தை பிறந்து சானல் அடைக்கிறதுக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று மனசில் வைத்திருக்கிறேன். கடியபட்டணத்துப் பெரியவரிடம் கேட்டாயிற்று, "ஆளு கொண்டுவாறேன், குளம் நீங்க பாருங்க" என்றார். பொதுப்பணித் துறையிலும் ஊராட்சியிலும் யாரைப் பார்க்கணும், எழுத்தில் என்ன கேட்பார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஹெல்மெட் சும்மா கிடந்தால் அதையும் சொல்லுங்கள். சைக்கிள் பிள்ளைகளிடம் இருக்கிறது.